காதால் கேட்ட ஒன்பது பேர்

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை. காற்று அடியோடு நின்றுபோய், சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. திருப்புட்குழிப் பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, ஆயிரத்து அறுநூற்று நாற்பது தப்படி நடந்து அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்றேன். வாசலில் பதினேழு ஜோடிச் செருப்புகள். உள்ளே முப்பத்தொரு பிள்ளைகள். மீதிப் பதினான்கு பேருக்குச் செருப்பு இல்லை என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, ஐந்து பேர் செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் விட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடுமாம்.

தலைமை ஆசிரியை அம்மாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலி இருந்தது, அதன்மேல் ஒரு காகிதக் கட்டு இருந்தது. அவருடைய வலப்பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, கடலைப் பொட்டலம் பிரித்த காகிதம் ஒன்றைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் படிந்த செய்தித்தாள் துண்டு. "மாடு குறுக்கே வந்ததால் லாரி" என்ற இடத்தில் கிழிந்திருந்தது.

"லாரி இன்னா ஆச்சு டீச்சர்?"

"தெரியலம்மா. காகிதம் அவ்ளோதான். நீ ஆச்சு, போ."

அவரிடம் மதிப்பெண் இரண்டுதான். ஆச்சு, ஆவல. ஆச்சு என்றால் படித்துவிட்டாள். ஆவல என்றால் இன்னும் இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. பாதி படிக்கிறான், சுமாராகப் படிக்கிறான், எழுத்துக் கூட்டுகிறான் என்று மற்ற பள்ளிகளில் எழுதுவார்கள். இவர் எழுதமாட்டார்.

நான் புள்ளிவிவர வேலையில் முப்பத்துநான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். சின்ன காஞ்சிபுரத்தில் வீடு. சென்னையிலுள்ள ஓர் அறக்கட்டளை எங்கள் பக்கத்தில் பதினான்கு தொடக்கப் பள்ளிகளுக்குப் பணம் கொடுத்துவந்தது. சுவருக்கு வர்ணம், ஒரு பெரிய டிவி, மாதம் எட்டாயிரம் சம்பளத்தில் கூடுதலாக ஓர் ஆசிரியை. இந்தப் பணத்தால் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். பேருந்துச் செலவு மட்டும் கொடுங்கள் போதும் என்று ஒப்புக்கொண்டேன். ஜூலையில் ஒரு தடவை கணக்கெடுக்க வேண்டும், மார்ச்சில் ஒரு தடவை. அடுத்த ஆண்டு பத்துப் பள்ளிகளுக்குத்தான் பணம். கடைசியில் நிற்கும் நான்கு பள்ளிகள் தங்கள் ஆசிரியையை இழக்கும்.

இந்தப் பள்ளியில் இரண்டாவது ஆசிரியர் இடம் நெடுநாளாகக் காலி. அறக்கட்டளை அனுப்பிய பெண் போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் இந்த அம்மாள் ஒருவர்தான். ஒருவர் மட்டும் இருக்கும் பள்ளியில் யார் பிள்ளையைச் சேர்ப்பார்கள்? இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் நாளே தெரியும்.

படிவத்தை எடுத்தேன். "படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர் டீச்சர்?"

"இன்னிக்கி ஒம்போது."

"இன்னிக்கின்னா?"

"போன வாரம் பத்து. ஒரு புள்ள அம்மை போட்டு மூணு வாரமா வரல. வந்து பாத்தா மறந்துக்கினு இருக்குது. ஒம்போதுன்னு எழுதுங்க."

அதற்கு முன்னால் பதின்மூன்று பள்ளிகளின் பதிவேடுகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எதிலும் எண்ணிக்கை இறங்கியதே இல்லை. எல்லாம் ஏறிக்கொண்டே போகும். என் முப்பத்துநான்கு வருடத்தில், கேட்காமலே ஓர் எண்ணைக் குறைத்துச் சொன்னவர் இவர் ஒருவர்தான். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? திரும்பி நடந்தபோது தப்படிகளை எண்ணவில்லை.

பொட்டலக் காகிதம் அவருடைய கண்டுபிடிப்பு. பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பித்துவிடும். படத்தைப் பார்த்தே பக்கம் முழுக்கச் சொல்லிவிடும். அதனால் யாருக்கும் முன்கூட்டித் தெரியாத ஏதாவது வேண்டும். நெடுஞ்சாலை நிறுத்தத்துக் கடலை வண்டியிலும் பஜ்ஜிக் கடையிலும் காகிதம் வாங்கி, உள்ளங்கையின் ஓரத்தால் நீவி நீவி, எண்ணெய் இழுக்க ஒரு நாள் வெயிலில் வைத்து, நாற்காலியில் அடுக்கிவைப்பார். அதன்மேல் ஒரு செங்கல். ஒருமுறை படித்த காகிதத்தை மறுபடி கொடுக்கமாட்டார். ஒரு தடவை யாருடைய கல்லூரி விடைத்தாளோ வந்துவிட்டது. அதைப் படித்த ஐந்தாம் வகுப்புப் பையன், "இந்த அண்ணன் தப்புத்தப்பா எழுதிக்கிறாரு டீச்சர்" என்றான். "உனுக்குத் தப்பு தெரியுதா? ஆச்சு, போ" என்றார்.

அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. அதனால் பிள்ளை வலப்பக்கம்தான் நிற்கவேண்டும். தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்து ஆச்சு போட்டுவிடுவாராம். அதற்காகக் கண்ணை மூடுவது. ஒரு பிள்ளைக்குச் சில நாள் இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடமும் மூடிய கண் மூடியபடி இருக்கும்.

அறக்கட்டளை கொடுத்த பொருள்களை அவர் எடைபோட்டது தனி ரகம். செப்டம்பரில் போனபோது, வர்ணத்தால் ஏதாவது பயன் உண்டா என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது.

"பாக்க நல்லா இருக்குது சார். அதால ஒருத்தனும் படிக்கல."

"டிவி?"

"மத்தியானத்துல தூங்காம இருக்குதுங்க. அதால ஒருத்தனும் படிக்கல."

"கூடுதல் டீச்சர்?"

கூரத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் இருபத்துநான்கு வயதுப் பெண். பின்வரிசைப் பிள்ளைகளை மட்டும் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாள் விரல்விட்டு எண்ணினார்.

"புதுசா நாலு ஆயிருக்குது. அந்தப் பொண்ணால மூணு. ஒருத்தன் உங்க கணக்குல வரமாட்டான். அவன் மாமா கடையில பில்லு பாத்துக்கினே கத்துக்கிட்டான். அதுக்கு நீங்க பேரு வாங்கிக்காதீங்க."

நான் பெரிய படிப்புப் படித்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். எது எதனால் ஆயிற்று என்பதை இவ்வளவு கறாராகப் பிரித்தவர்களைப் பார்த்ததில்லை. கேட்டுக்கொண்டே நின்ற அந்தக் கூரத்துப் பெண் சிரித்துவிட்டாள். "எங்க டீச்சர் அவங்க கல்யாணத்துக்கு வந்தவங்களைக்கூட காதால கேட்டுத்தான் சார் எண்ணியிருப்பாங்க."

"சிரி, சிரி. உன் சம்பளத்துக்குத்தான் இவரு கணக்கு எழுதறாரு."

பிள்ளைகள் எங்கே போகின்றன என்பதை அக்டோபரில்தான் கவனித்தேன். அந்த ஊரில் பாதிப் பேர் நெடுஞ்சாலை ஓரத்துக் கம்பெனிகளில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். வேலை இருக்கும் மாதம் கையில் காசு இருக்கும். பிள்ளை நாலு வரி படிக்கிறது என்று தெரிந்தால் போதும், மஞ்சள் வேன் வரும் இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். வேலை போன மாதம் அங்கே கட்டணம் கட்ட முடியாமல் வெளியே வந்த வேறு பிள்ளைகள் இங்கே வந்து சேரும். அவற்றில் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட 'அ' தெரியாது.

"படிச்சா எடுத்துக்கினு போயிடுவாங்க சார். படிக்காததுதான் எங்கிட்ட நிக்கும். இது ஓட்டைக் குடம் மாதிரி. நான் ஊத்திக்கினே இருக்கணும்."

"வர்ற பிள்ளைகளைச் சேர்க்காம இருக்கலாமே? மார்ச் வரைக்கும்?"

அவர் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு வாக்கியத்தை நான் சொன்னதாக எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்.

"சேக்காம எங்க சார் போவும் அது? வூட்ல உக்காந்துக்கினு இருக்கும்."

மார்ச் மாதக் கணக்கு இதுதான். முப்பத்தொரு பேரில் பத்துப் பேர் போய்விட்டார்கள். புதிதாக ஏழு பேர் வந்தார்கள். ஆக இருபத்தெட்டு. ஜூலையில் படித்தவர்கள் ஒன்பது. அதற்கப்புறம் புதிதாக ஏழு பேருக்கு ஆச்சு போட்டிருந்தார். பதினாறு இருக்கவேண்டும். ஆனால் போன பத்துப் பேரில் ஏழு பேர் படிக்கத் தெரிந்தவர்கள். வந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. மீதி ஒன்பது.

ஜூலையில் ஒன்பது. மார்ச்சில் ஒன்பது.

செலவு எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான், ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் அது தலைக்கு ஆயிரத்து முன்னூற்று இருபத்தொன்று ஆகும். இங்கே ஐயாயிரத்து இருநூற்று எண்பத்தாறு. பதினான்கு பள்ளிகளில் தலைக்கு அதிகச் செலவும் இங்கேதான், பூஜ்யப் பலனும் இங்கேதான்.

படிவத்தை அவர் முன்னால் வைத்து விளக்கினேன். "டீச்சர், போன பிள்ளைகளில் ஏழு பேருக்கு நீங்கதான் கத்துக்கொடுத்தீங்க. அந்த ஏழையும் சேர்த்துப் பதினாறுன்னு எழுதிடலாம். அது பொய் இல்லை."

"அதுங்க போயி மூணு மாசம், நாலு மாசம் ஆவுது. இன்னிக்கிப் படிக்குதான்னு நீங்க கேட்டீங்களா?"

"இல்லை."

"நானும் கேக்கல. அப்ப எழுதாதீங்க."

"ஸ்கூலுக்கே ஆபத்து டீச்சர்."

"தெரியுது சார். அம்மை போட்ட புள்ள மூணு வாரத்துல மறந்துது. இதுங்க மறக்கலன்னு எனுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொன்னது சரி. நான் செய்திருக்கவேண்டியது சுலபமான காரியம். அந்தப் பிள்ளைகள் எல்லாம் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்திருந்தால் ஏழு பேரையும் கேட்டிருக்கலாம். ஆனால் அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். வெயில் வேறு. என் வலது முழங்கால் வேறு. பதினான்கு பள்ளிக்கும் ஒரே மாதிரி இருந்த படிவத்தில், போன பிள்ளைகளுக்கு ஒரு கட்டம் போட ஜூலையிலேயே எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்தவன் நான்தான். அதனால் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். குறிப்பு எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் எனக்கு முப்பத்துநான்கு வருடமாக இருந்தது.

ஏப்ரலில் காஞ்சிபுரத்தில் ஓர் ஓட்டல் மாடியில் கூட்டம் நடந்தது. பதினான்கு தலைமை ஆசிரியர்களும் வந்திருந்தார்கள். அறக்கட்டளையிலிருந்து வந்த இளைஞர் திரையில் ஒரு படம் காட்டினார். கீழே தலைக்கான செலவு, பக்கத்தில் படிப்பு, நடுவில் பதினான்கு புள்ளிகள். பதின்மூன்று புள்ளிகள் ஒன்றையொன்று ஒட்டி மேலே நின்றன. ஒரு புள்ளி மட்டும் வலது மூலையில், அடியில், தனியாகக் கிடந்தது. என் குறிப்பு திரையில் இல்லை.

"சார், இந்த டாட் என்ன ப்ராப்ளம்?" என்றார் இளைஞர் என்னிடம்.

நான் எழுந்து குறிப்பைச் சொல்ல ஆரம்பித்தேன். போனவர்கள், வந்தவர்கள், ஓட்டைக் குடம். நான்கு நிமிடம் பேசினேன். அவர் மரியாதையாகக் கேட்டார். "புரியுது சார். ஆனா எல்லா ஸ்கூலுக்கும் ஒரே ரூல்தானே வைக்கணும். எங்களுக்கு ஒரு நம்பர் வேணும்" என்றார். அதில் தவறில்லை. அந்த எண்ணைக் கொடுத்தவன் நான்.

இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு தலைமை ஆசிரியர் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஏம்மா, ரெண்டு டிக்கு கூடப் போட்டா உங்க கை தேஞ்சிடுமா?"

"கை தேயாது சார். காது ஒத்துக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு தட்டில் வைத்த போண்டாவைத் தின்றுவிட்டு, கீழே விரித்திருந்த செய்தித்தாள் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் நான் நடந்தேன். கையில் கடலைப் பொட்டலங்கள். பிள்ளைக்குக் கடலை, எனக்குக் காகிதம். ஒரு வீட்டு வாசலில் ஒரு தாய், "இன்னா சார், பென்ஷன் பத்தலியா, கடலை விக்க வந்துக்கினு கிறீங்க?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும் மகளை இழுத்துவந்து நிறுத்தினாள். நான் அவர் செய்வதுபோலவே கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் காது எவ்வளவு கூர்மையாகிறது என்பது எழுபது வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

ஏழு பேரில் ஒரு குடும்பம் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்விட்டது. ஆறு பேரைக் கேட்டேன். ஐந்து பேர் ஆச்சு. ஒருத்தி ஆவல. லாரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாளே, அவள்தான். புதுப் பள்ளியில் தமிழ் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாம். காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடலையை வாங்கிக்கொள்ளவில்லை.

ஒன்பதும் ஐந்தும் பதினான்கு. பதினாறு இல்லை. அவர் சேர்க்க மறுத்தது சரிதான். ஆனாலும் பதினான்கு என்பது ஒன்பது இல்லையே. அறக்கட்டளைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "சூப்பர் சார்! இதை மார்ச்லயே கொடுத்திருந்தீங்கன்னா..." என்றார் இளைஞர். பத்துப் பள்ளிகளின் பட்டியல் இந்தப் பள்ளி இல்லாமலே முடிவாகிவிட்டிருந்தது.

ஜூனிலிருந்து அந்தக் கூரத்துப் பெண்ணின் சம்பளத்தை நான் கொடுத்தேன். அறக்கட்டளைதான் கொடுக்கிறது என்று அம்மாளிடம் சொல்லச் சொன்னேன். ஐந்து மாதம். நவம்பரில் அந்தப் பெண்ணுக்கு ஒரு கம்பெனியில் பதினான்காயிரத்துக்கு வேலை கிடைத்தது. போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. அவள் போன மாதக் கடைசியில் பள்ளியில் பதினோரு பிள்ளைகள்தான் மிஞ்சியிருந்தார்கள். டிசம்பரில் ஐந்து. ஐந்து பேரையும் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அந்த அம்மாளைக் காஞ்சிபுரத்தில் வேறொரு பள்ளிக்கு அனுப்பினார்கள். வர்ணம் அடித்த கட்டடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள்.

2025 பிப்ரவரியில் அவரைப் பார்க்கப் போனேன். சாப்பாட்டு இடைவேளை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தரையில் அவரைப் பார்த்துப் பழகிய எனக்கு அது வேறு யாரோபோல இருந்தது.

"வாங்க, கணக்கு சாரு! இன்னும் பஸ்ஸுலதான் வர்றீங்களா? எனுக்கு ஃப்ரீ, உங்களுக்குத்தான் டிக்கெட்டு." கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார். "மே மாசம் ரிட்டயர் ஆவறேன்."

"பிள்ளைகள் எப்படி டீச்சர்?"

மேசைமேல் இருந்த பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நாற்பத்தாறு பெயர்கள். நாற்பத்தாறு டிக். ஒரே மை. ஒரே சாய்வு. ஒரே மூச்சில் மேலிருந்து கீழே போட்டவை. இரண்டு தடவை எண்ணினேன்.

"எல்லாரையும் கேட்டீங்களா?"

அவர் வலது காதை என் பக்கம் திருப்பினார். கேள்வி விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன்.

"கேட்டா நம்பரு எறங்கும் சார்."

அதற்குமேல் பேச்சு வேறு எங்கோ போனது. மகள் பிரசவம், முட்டிவலித் தைலம். கடலை தீர்ந்தது. காகிதத்தில் பாதிச் செய்தி ஏதோ இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்தன. நான் எழுந்தேன்.

எனக்கு எதையும் எழுதிவைக்காமல் இருக்க முடியாது. கூரத்துப் பெண்ணின் சம்பளம், ஐந்து மாதம்: நாற்பதாயிரம். பேருந்து, போகவர இருபத்தெட்டு ரூபாய் வீதம் பத்தொன்பது நடை: ஐந்நூற்று முப்பத்திரண்டு. முழங்கால் ஒத்துழைக்காத இரண்டு நாள் ஆட்டோ: முன்னூற்று அறுபது. கடலை, பதினான்கு பொட்டலம்: நூற்று நாற்பது. எத்தனை பிள்ளைகளால் இதை வகுப்பது என்று தெரியவில்லை. வகுக்காமல் விட்டிருக்கிறேன். மொத்தம் நாற்பத்தோராயிரத்து முப்பத்திரண்டு ரூபாய்.